அரசி கேட்டதும் அம்மா கேட்டதும்

"ஸ்பானிஷ் படிச்சி என்னய்யா செய்யப் போற?"

அம்மா இப்படிக் கேட்டபோது நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். நான்கு வார விடுப்பு, இரண்டு வருடச் சேமிப்பு, ஜொகூர் பாருவிலிருந்து ஸ்பெயினின் சலாமாங்கா நகரத்துக்குப் பயணம். நான் வேலை செய்வது பாசிர் கூடாங்கில், ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில். அங்கே ஸ்பானிஷ் பேச ஓர் ஆள்கூடக் கிடையாது. மாண்டரின் படித்தால் சிங்கப்பூரில் வேலை தேட உதவும். ஜெர்மன் படித்தால் இயந்திரங்களின் கையேடாவது புரியும். ஸ்பானிஷால் என்ன பயன்? "சும்மா ஓர் ஆசைம்மா" என்று சமாளித்தேன். அது பதில் இல்லை என்று அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சலாமாங்கா போன பிறகுதான் தெரிந்தது, இதே கேள்வியை இதே ஊரில் ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார் என்று. கேட்டவர் ஓர் அரசி.

*

அந்தோனியோ தெ நெப்ரிஹா சலாமாங்கா பல்கலைக்கழகத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவர். அந்தக் காலத்தில் இலக்கணம் என்றாலே அது லத்தீனுக்கு உரியது. வீட்டிலும் சந்தையிலும் பேசுகிற காஸ்டிலிய மொழிக்கு, அதாவது நாம் இன்று ஸ்பானிஷ் என்று சொல்கிற மொழிக்கு, எதற்கு இலக்கணம்? தாயிடம் கற்றுக்கொள்வதை வாத்தியாரிடம் போய் யார் கற்பார்கள்? ஆனாலும் நெப்ரிஹா எழுதினார். அதன் மாதிரியைச் சலாமாங்காவில் அரசி இசபெல்லிடம் காட்டியபோது, இதனால் என்ன பயன் என்று அரசி கேட்டார். நெப்ரிஹா வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த ஆவிலா மறைமாவட்ட ஆயர் முந்திக்கொண்டார். அரசி இனிமேல் பல வேற்று மக்களை வென்று அடக்குவார், வென்றவரின் சட்டங்களைத் தோற்றவர் ஏற்க வேண்டிவரும், அதற்கு மொழி வேண்டும், அந்த மொழியை இந்த நூல் கற்றுக்கொடுக்கும் என்றார். இந்தச் சம்பவத்தை நெப்ரிஹாவே தன் முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார்.

நூல் அச்சானது 1492 ஆகஸ்ட் 18. அந்த வருடம் ஜனவரியில்தான் கிரனாடா, ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசு, இசபெல்லின் கையில் விழுந்திருந்தது. ஆகஸ்ட் 3-ம் தேதி கொலம்பஸ் கப்பலேறியிருந்தார். நூல் வெளிவந்த அன்று அவர் அட்லாண்டிக்கின் பக்கம் எங்கேயோ இருந்தார். கரையைத் தொட்டது அக்டோபரில்தான். ஆக, ஆயரின் பதிலுக்கு அமெரிக்கா இன்னும் பிறக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நூல் போணியாகவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறுபதிப்பே காணவில்லை. நெப்ரிஹாவின் லத்தீன் இலக்கணம்தான் ஊர் ஊராக ஓடியது. கடல் கடந்துபோன பாதிரிமார்கள் மெக்சிகோவில் நாவாட்டில் மொழிக்கு இலக்கணம் எழுத உட்கார்ந்தபோது கையில் அச்சாக வைத்திருந்ததும் அதைத்தான். பேரரசு வந்தது, மொழியும் பரவியது, ஆனால் இலக்கண நூலின் வழியாக அல்ல. அடக்கப்பட்டவர்கள் மொழியைக் கற்ற விதம் வேறு.

*

அந்த 'வேறு விதம்' எனக்குப் புதிதல்ல. என் தாத்தா கூலாய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியும் என்று பெருமையாகச் சொல்வார். சிறுவயதில் எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. பிறகுதான் படித்தேன்: இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டத் துரைகளுக்குத் தமிழ் கற்றுத்தரவே கையேடுகள் இருந்தன. இலங்கையில் சின்னத் துரைகளுக்காக வந்த ஒரு கையேட்டின் பெயரே 'இங்கே வா'.

பெயரே ஓர் ஏவல் வினை. ஆவிலா ஆயர் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். தாத்தாவிடம் ஒருமுறை கேட்டேன், "துரை தமிழ்ல என்ன தாத்தா பேசுவாரு?" யோசித்துவிட்டுச் சொன்னார்: "வா, போ, வெட்டு, ஏன் லேட்டு. நாம பதில் சொன்னா மட்டும் அவருக்குத் தமிழ் மறந்துபோயிரும்."

எல்லா அந்நியரும் அப்படிக் கற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்றிக் என்றிக்கஸ் போர்ச்சுகலின் பழைய பல்கலைக்கழக நகரமான கொயிம்பிராவில் படித்தவர். 1546-ல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே வாழ்ந்து தமிழ் கற்றார். லத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு தமிழுக்கு ஒரு கையெழுத்து இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய பெயர்ப்பு. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நம் கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல் அதுதான். அவருக்கும் நோக்கம் இருந்தது, மதம். ஆனால் மதம் பேச வேண்டுமென்றால் எதிரே இருப்பவர் சொல்வதையும் கேட்டாக வேண்டும். அதனால் அவர் எழுதியது புலவர்களின் தமிழ் இலக்கணம் அல்ல. பதினாறாம் நூற்றாண்டில் கடற்கரையில் மனிதர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு இன்று நமக்கு இருக்கும் அரிய சாட்சி அது. நன்னூல் மரபில் வந்த யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

ஒரே கேள்விக்கு இப்படி இரண்டு பதில் கிடைத்தது. ஒன்று ஆள்வதற்கு. இன்னொன்று மாற்றுவதற்கு. இரண்டுமே என்னுடையதில்லை.

*

சலாமாங்கா மஞ்சள் கல் ஊர். பக்கத்து வில்லாமயோரில் வெட்டியெடுத்த மணற்கல்லில் கட்டியது. மாலை வெயிலில் சுவரெல்லாம் பொன்னாகத் தெரியும். பல்கலைக்கழகம் தொடங்கியது 1218. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் தங்கள் பெயரைச் செந்நிறச் சாயத்தில் சுவரில் எழுதும் வழக்கம் இருந்திருக்கிறது. அந்த எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. முகப்புச் சுவரின் சிற்பக் காட்டில் ஒரு மண்டையோட்டின் மேல் குட்டித் தவளை ஒன்று உட்கார்ந்திருக்கும். யாருடைய உதவியும் இல்லாமல் அதைக் கண்டுபிடிக்கிற மாணவன் தேர்வில் தேறுவான் என்பது நம்பிக்கை. எனக்கு ஒரு பாட்டி கையைப் பிடித்துக் காட்டிவிட்டார். நான் தேறாததற்கு அவர்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே பழைய வகுப்பறை ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். பெஞ்சு என்று சொல்ல முடியாது, ஏறக்குறையச் செதுக்கிய மரத்துண்டுகள். அங்கே பாடம் நடத்திய லூயிஸ் தெ லெயோன் பைபிளின் உன்னதப்பாட்டைக் காஸ்டிலிய மொழியில் பெயர்த்தார். அந்தக் குற்றமும் சேர்ந்து 1572-லிருந்து கிட்டத்தட்ட ஐந்து வருடம் மதவிசாரணைச் சிறையில் கிடந்தார். லத்தீனில் இருந்தால் வேதம், வீட்டு மொழியில் வந்தால் ஆபத்து. இதே மொழிக்குத்தான் எண்பது வருடம் முன்பு அரசிக்காக இலக்கணம் எழுதப்பட்டிருந்தது.

என் வகுப்பு வேறொரு கட்டடத்தில், நல்ல நாற்காலிகளோடு. முதல் வாரம் எனக்கு ஒரே கொண்டாட்டம். மேசைக்கு 'மேசா', சப்பாத்துக்கு 'சபாத்தோ'. மலாய் வேறு கைகொடுத்தது: பெண்டேராவுக்கு 'பண்டேரா', கெமேஜாவுக்கு 'கமீசா'. இவையெல்லாம் போர்ச்சுக்கீசியர் நம் மொழிகளில் விட்டுப்போனவை. ஸ்பானிஷ் அதன் உடன்பிறப்பு என்பதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். பழக்கடையில் 'மாங்கோ'வைப் பார்த்தபோது கடைக்காரரிடம் இது எங்கள் மாங்காய் என்று சொல்லத் துடித்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு பத்திரிகைக் கட்டுரை வாசிக்கக் கொடுத்தார்கள். அதில் 'பாரியா' என்று ஒரு சொல். ஆசிரியை பொருள் சொன்னார்: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர், யாரும் சேர்த்துக்கொள்ளாதவர். அரசியல் செய்தியில்கூடச் சாதாரணமாக வரும் சொல் என்றார். பக்கத்தில் இருந்த பிரேசில் பையன் குறித்துக்கொண்டான். எனக்குப் பேனா ஓடவில்லை. அது பறையர் என்ற நம் சொல். பறை அடித்தவர்களின் பெயர். போர்ச்சுக்கீசியர் நம் கடற்கரைகளில் கேட்டு எடுத்துக்கொண்டுபோய் ஐரோப்பா முழுக்கக் கொடுத்த சொல். மாங்காயை எடுத்துப்போன அதே கப்பலில் போயிருக்கிறது. மாங்காய்க்குப் பெருமைப்பட்ட நான் இதற்கு என்ன படுவது? போர்ச்சுக்கீசியர் சொல்லை மட்டும்தான் கொண்டுபோனார்கள், அந்தப் பொருளை அதற்குள் வைத்தது நாம்தான்.

கையைத் தூக்கினேன். இது என் மொழிச் சொல், ஒரு மக்களின் பெயர், வசைச்சொல் அல்ல, அவர்கள் இன்றும் வாழ்கிறார்கள், பறை என்பது ஓர் இசைக்கருவி. இவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். ஐந்து நிமிடம் ஆனது. வினைச்சொற்களில் பாதி தப்பு. ஆசிரியை ஒன்றுகூடத் திருத்தவில்லை. கடைசியில் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, எப்படி உச்சரிப்பது என்று என்னைக் கேட்டார். 'ற' அவருக்கு வரவே இல்லை.

*

நம் பக்கத்திலிருந்து ஸ்பானிஷ் உலகத்துக்குள் போன முதல் ஆட்களில் ஒருவர் பள்ளிக்கூடமே போகாதவர். 1511-ல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது படையில் இருந்த மகெல்லன் ஓர் இளைஞனை அடிமையாக எடுத்துக்கொண்டார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்றிக்கே. சொந்தப் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. மலேசியர்களுக்கு அவரைப் பங்லிமா ஆவாங் என்று சொன்னால்தான் தெரியும். அது ஹாருன் அமினுர்ராஷிட் தன் நாவலில் வைத்த பெயர். மகெல்லன் பிறகு ஸ்பெயின் அரசிடம் வேலைக்குச் சேர்ந்தபோது என்றிக்கேயும் செவில் நகரத்துக்குப் போனார். 1519 ஆகஸ்டில் எழுதிய உயிலில் மகெல்லன், தான் இறந்த நாளிலிருந்து என்றிக்கே சுதந்திர மனிதன், பத்தாயிரம் மரவேதி பணமும் கொடுக்க வேண்டும் என்று எழுதினார்.

1521 மார்ச்சில் கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தன. என்றிக்கே மலாயில் குரல் கொடுத்தார். பிறகு அந்தத் தீவின் தலைவன் அதைப் புரிந்துகொண்டு பதில் சொன்னான். உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறோம் என்பதற்கு அந்தக் கப்பலில் கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்று ஒரு மலாய் உரையாடல். ஏப்ரல் 27-ல் மகெல்லன் மக்தான் தீவில் கொல்லப்பட்டார். உயிலின்படி அன்றே என்றிக்கே விடுதலை. ஆனால் புதிய தலைவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, மொழிபெயர்ப்பாளன் தேவை என்றார்கள். மே 1-ல் செபுவில் நடந்த விருந்தில் ஸ்பானியர் பலர் கொல்லப்பட்டார்கள். என்றிக்கேதான் சதி செய்தார் என்று உடன் போன பிகாஃபெட்டா எழுதினார். அதன் பிறகு அவரைப் பற்றி நம்பகமான தடயம் இல்லை. பிகாஃபெட்டா மட்டும் நானூறுக்கு மேற்பட்ட மலாய்ச் சொற்களைப் பட்டியலிட்டு வைத்துப்போனார்.

என்னை உறுத்துவது இதுதான். அந்த மனிதருக்கு மலாயும் தெரியும், ஐரோப்பிய மொழியும் தெரியும். ஆனால் அவர் சொந்தமாகச் சொன்ன ஒரு வாக்கியம்கூட எங்கும் பதிவாகவில்லை. அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் அடுத்தவருடைய பேச்சு.

*

சலாமாங்காவில் புனித எஸ்தெபான் மடத்தின் முன்னால் ஒரு துறவியின் சிலை நிற்கிறது. பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா. 1526 முதல் 1546-ல் சாகும்வரை இந்தப் பல்கலைக்கழகத்தில் இறையியல் நடத்தியவர். 1539 தொடக்கத்தில் ஒரு சிறப்புரையில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி: அமெரிக்க மண்ணில் ஸ்பானியருக்கு என்ன உரிமை? பேரரசர் உலகத்துக்கே சொந்தக்காரர் அல்ல. போப்பாண்டவருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. அந்த மக்கள் ஸ்பானியர் வருவதற்கு முன்பே தங்கள் மண்ணுக்கு உண்மையான உடைமையாளர்கள். கண்டுபிடித்தோம் என்பதும் செல்லாது, அவர்கள் வந்து நம்மைக் கண்டுபிடித்திருந்தால் நம் நாடு அவர்களுடையதாகிவிடுமா என்ன? இதுதான் அவர் வாதம். அந்த வருடம் நவம்பர் 10-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மடத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதினார்: இதைப் பற்றி யாரும் பேசக்கூடாது, எழுதிய பிரதிகளை வாங்கி அனுப்புங்கள். ஆனால் மாணவர்கள் எடுத்த குறிப்புகள் தப்பித்தன. 1557-ல், அவர் இறந்து பதினோரு வருடம் கழித்து, அச்சுக்கு வந்தன.

அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. அதே உரையின் பிற்பகுதியில் ஒரு கதவைத் திறந்துவிட்டார். எங்கும் பயணம் போகவும் வணிகம் செய்யவும் எல்லா மக்களுக்கும் இயற்கை உரிமை உண்டு, தடுத்தால் போர்கூட நியாயமாகலாம். இந்தக் கதவு வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

வந்தார்கள். எங்கள் ஆற்றுக்கே வந்தார்கள்.

1580-லிருந்து அறுபது வருடம் போர்ச்சுகலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே மன்னர். ஆகவே 1587-ல் போர்ச்சுக்கீசியர் ஜொகூர் லாமா கோட்டையை அழித்தபோது அவர்களின் மன்னர், மாட்ரிட்டில் இருந்த இரண்டாம் பிலிப். 1603 பிப்ரவரி 25-ல் ஜொகூர் ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே சாந்தா கத்தரீனா என்ற போர்ச்சுக்கீசியக் கப்பலை டச்சுத் தளபதி ஹேம்ஸ்கெர்க் பிடித்தார். ஜொகூர் ஆட்சியாளர்கள் அவருக்குத் துணை. மக்காவிலிருந்து மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த கப்பல். உள்ளே சீனப் பட்டு, பீங்கான், கஸ்தூரி. ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டபோது முப்பது லட்சம் கில்டருக்கும் மேல் போனது. இது போரா, கொள்ளையா என்று ஹாலந்திலேயே சிலருக்கு உறுத்தல். கம்பெனிக்காக வாதாட வந்தவர் இருபத்தொரு வயது வழக்கறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ். அவர் எழுதியதில் ஓர் அத்தியாயம் 1609-ல் 'சுதந்திரக் கடல்' என்ற பொருள் வரும் லத்தீன் தலைப்பில் நூலானது. இன்றைய சர்வதேசக் கடல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று.

அதில் குரோஷியஸ் திரும்பத் திரும்பச் சாட்சிக்கு அழைப்பது யாரை? சலாமாங்காவின் விட்டோரியாவை. கிழக்கே உள்ள மக்களுக்குச் சொந்த அரசர்களும் சட்டங்களும் உண்டு, கண்டுபிடிப்பால் போர்ச்சுக்கீசியருக்கு எந்த உரிமையும் வராது, வணிகம் எல்லோருக்கும் பொது. எதிராளி வீட்டு வாத்தியாரையே கூண்டில் ஏற்றி வாதாடினார். ஆனால் 1621-ல் அதே டச்சுக் கம்பெனி ஜாதிக்காயைத் தனியுரிமையாக்க பண்டா தீவு மக்களைக் கொன்று குவித்தது. 1641-ல் ஜொகூரின் உதவியோடு மலாக்காவைப் பிடித்துத் தானே வைத்துக்கொண்டது. சுதந்திரக் கடல் யாருக்குச் சுதந்திரம் என்பது அப்போது தெரிந்தது.

ஜொகூர்க்காரனான எனக்கு இதைப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. கோட்டை எரிந்த தேதியைப் படித்தோம், தேர்வில் எழுதினோம். அந்த ஆற்றில் பிடிபட்ட ஒரு கப்பல் சலாமாங்காவின் பாடக்குறிப்பை உலகச் சட்டமாக்கியது என்பதை நான் தெரிந்துகொண்டது சலாமாங்காவில், விட்டோரியாவின் ஸ்பானிய மொழிபெயர்ப்பை அகராதியோடு ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று உருட்டியபோதுதான். அவர் பேசியது லத்தீனில், குரோஷியஸ் எழுதியதும் லத்தீனில். ஜொகூர் மக்களின் உரிமை, அமெரிக்க மக்களின் மண் என்று பக்கம் பக்கமாக வாதம் நடக்கிறது. அந்த மக்களில் ஒருவர்கூட அதை வாசிக்கவில்லை, பதில் எழுதவில்லை. ஆதரித்த வாக்கியத்திலும் சரி, எதிர்த்த வாக்கியத்திலும் சரி, நாம் செயப்படுபொருள்.

*

திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிறு அம்மாவை ஜொகூர் லாமாவுக்குக் கூட்டிப்போனேன். மண்மேட்டுக் கோட்டை, சின்ன அருங்காட்சியகம், அகலமான பழுப்பு ஆறு. வேறு ஆளே இல்லை. நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கப்பல் கதையையும் வாத்தியார் கதையையும் சொன்னேன். 'பாரியா' சொல்லையும், வகுப்பில் நான் உளறியதையும் சொன்னேன். அம்மா சம்பல் காரத்தில் கண்ணைத் துடைத்தாங்க.

"அந்த வாத்தியாரு இந்த ஆத்தப் பாத்திருக்காரா?"

"இல்லம்மா. கப்பல் புடிபட்டப்ப அவரு செத்து அம்பத்தேழு வருசம்."

"அந்தப் புத்தகம் எழுதின வக்கீலு?"

"அவரும் இந்தப் பக்கம் வந்ததே இல்ல."

அம்மா கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. பிறகு பொட்டலத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டாங்க: "அடுத்த பாடம் எப்பய்யா?"